வலியோடு வந்தவர்

அமீர் நிஷாவுக்கு முட்டி வலித்தால் மழை வரும். தொலைக்காட்சியில் சொல்கிற மழை வராமல் போகலாம், இவள் முட்டி சொன்ன மழை தப்பியதில்லை. சைகோனில், டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் துணி காயப்போடுகிற பெண்கள் மத்தியானம் ஆனதும் இவள் ஜன்னலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தடவ ஆரம்பித்தாளோ, கொடியிலிருந்து துணியெல்லாம் அவசர அவசரமாக இறங்கும். சில நாள் வேண்டுமென்றே தடவிவிட்டு, அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சந்துக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வலிக்குப் பின்னால் மழை வரும் என்பது ஊரறிந்த விஷயம். வலிக்கும் மழைக்கும் நடுவில் இன்னொருவர் வருவார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

வருகிறவர் அவள் கணவர் அப்துல் குத்தூஸ். வெயில் மங்கி, காற்று நின்று, முட்டிக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது மாதிரி வலி தொடங்கும்போது, கட்டிலின் கால்மாட்டில் மெத்தை மெல்லத் தாழும். அங்கே அவர் உட்கார்ந்திருப்பார். மழை இன்னும் ஒரு துளிகூட விழுந்திருக்காது, ஆனாலும் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். அறைக்குள் டீசல் வாடையும் உப்பு வாடையும் வரும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், குனிந்து பார்த்தால் தரை காய்ந்துதான் கிடக்கும். முகத்தைத் திருப்பமாட்டார், ஒரு வார்த்தை பேசமாட்டார். கையை நீட்டி அவளுடைய வலது முட்டியின்மேல் வைப்பார். அந்தக் கை ஜில்லென்று இருக்கும். ஜில்லிப்பு எலும்புக்குள் இறங்கி வலி மரத்துப் போகிற சமயத்தில் மழை கொட்டத் தொடங்கும். மழை விட்டதும் மெத்தை மேலே எழும்பிவிடும்.

முதல் தடவை அவள் பயந்து செத்தாள். தெரிந்ததையெல்லாம் ஓதி ஊதினாள். ஷைத்தானாக இருந்தால் ஓடிப் போயிருக்கும். இவர் நகரவில்லை. அப்படியானால் இது என் மச்சான்தான் என்று அவள் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள். அதன்பிறகு மழை நாட்களில் கால்மாட்டில் காய்ந்த துண்டு ஒன்று மடித்துக் கிடக்கும். அவர் அதை எடுத்துத் துவட்டிக்கொண்டதே இல்லை. போகும்போது எத்தனை வயதோ அதே வயதில்தான் வந்தார், கன்னத்துத் தாடியில் ஒரு நரைகூட எட்டிப் பார்க்காத வயது. இவளுக்கோ தலை பஞ்சாகிவிட்டது. அதனால் வலி எடுத்ததும் முதல் வேலையாக முக்காட்டை இழுத்து நரையை மறைத்துக்கொள்வாள். புதுப்பெண் மாதிரி வெட்கம் வேறு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூட வாழ்ந்த காலத்தில் அந்த மனிதர் ஒரு தம்ளர் தண்ணீர் தானாக எடுத்துக் குடித்தவர் இல்லை. கால் பிடித்துவிட்டதெல்லாம் இவள்தான், அவருக்கு. 'உயிரோடு இருந்த காலத்தில்' என்று மட்டும் யாரும் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடாது. சொன்னவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அமீர் நிஷா காரைக்காலில் பிறந்தவள். நிக்காஹ் முடிந்து சைகோனில் வந்து இறங்கியபோது தெருவெல்லாம் அமெரிக்க ஜீப்புகள். மாப்பிள்ளை வீட்டார் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். குத்தூஸின் வாப்பா காரைக்கால்காரர், உம்மா சைகோன் பெண். அந்தக் கலப்பில் அவருக்கு நல்ல மூக்கும் நல்ல குரலும் வாய்த்தன, காகிதம் மட்டும் வாய்க்கவில்லை. இந்தியாவும் இவர் என் ஆள் என்று எழுதித் தரவில்லை, பிரான்சும் தரவில்லை. எழுபத்தைந்தில் ஆட்சி மாறியது. கொஞ்ச காலத்தில் தனியார் கடைகளையெல்லாம் மூடச் சொன்னார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக விமானம் ஏறின. அமீர் நிஷாவிடம் பாஸ்போர்ட் இருந்தது, அவளும் ஏறியிருக்கலாம். கட்டினவரை விட்டுவிட்டு எங்கே போய் உட்காருவது என்று இருந்துவிட்டாள்.

கடைசியில் குத்தூஸ்தான் கிளம்பினார், படகில். எப்படியாவது மலேசியா போய், அங்கிருந்து காரைக்கால் போய் அவர் தந்தி கொடுக்க வேண்டும். தந்தி கிடைத்ததும் அவள் விமானம் ஏற வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு நின்றபோது அவர் செருப்பை மாட்டினார். குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். படகில் போகிறவனுக்கு எதுக்குக் குடை என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார். தந்தி வரவில்லை. அந்தப் படகில் ஏறிய யாரும் எந்தக் கரையிலும் இறங்கியதாகத் தகவலும் இல்லை.

அவள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. தந்தி வந்தால் இந்த விலாசத்துக்குத்தானே வரும். வயிற்றுப்பாட்டுக்கு, சந்தின் முனையில் ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் விற்றாள். சைகோன் தெரு வியாபாரம் என்றால் முழங்கால் உயரத்துக்கும் குறைந்த பிளாஸ்டிக் முக்காலிதான். காலை மடக்கி அதில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஐம்பது வயதைத் தொடுவதற்குள் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. வலி வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத மனிதரும் அந்த வலியோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவளுக்கு மழைக்காலம்தான் வாழ்க்கை. வெயில் மாதங்களை எப்படியோ தள்ளினாள்.

வலிக்கு ஒரு விலை இருந்தது. அவளால் சுஜூது செய்ய முடியவில்லை. நெற்றியைத் தரையில் வைக்கிற அந்தக் குனிவுக்கு முட்டி மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் தாழ்த்தித் தொழுதாள். படைத்தவனிடம் அதிகாரி மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறோமே என்று ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அவள் மனம் கூசும். இதைத்தான் அவள் தோழி மார்கரித்திடம் சொல்லிப் புலம்பினாள்.

மார்கரித் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வியட்நாம்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். அவளுக்கும் முட்டி வலி, ஆனால் அவள் வலியை ஊரே கேட்கும். சோலோன் பக்கம் ஒரு மருத்துவமனையில் முட்டித் தேய்மானத்துக்கு மூலிகை மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அமீர் நிஷாவையும் இழுத்துக்கொண்டு போனாள். சுஜூது செய்யலாம் என்ற ஒரே ஆசையில் இவளும் போனாள். போகிற வழியில் மருந்துத் தெருவின் வேர் வாடையும் பட்டை வாடையும் மூக்கில் ஏறின.

டாக்டர் துயெட் என்கிற சின்னப்பெண் பொறுமையாக விளக்கினாள். ஆளுக்கு இரண்டு டப்பா. முதல் டப்பா தீர்ந்ததும் இரண்டாவது. ஒன்றில் மூலிகை, இன்னொன்றில் வெறும் மாவு. எது எது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது. அப்போதுதான் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க முடியும். குப்பி மாத்திரையை அப்படியே முழுங்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அமீர் நிஷா மட்டும் மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்த மேல் ஓடு எதில் செய்தது என்று கேட்டாள். மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலட்டின் என்றாள் டாக்டர். எந்த மிருகம் என்று இவள் கேட்டதற்கு, அது தொழிற்சாலைக்காரர்களுக்குத்தான் தெரியும் என்று அந்தப் பெண் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

பன்றியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்த பொருள் தொண்டைக்குள் இறங்குமா? வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைத் திருகிப் பிரித்தாள். மேல் ஓட்டை எடுத்து ஜன்னல் வழியாக வீசினாள். உள்ளே இருந்த தூளைத் தேனில் குழைத்து நக்கினாள். மருந்துதானே உள்ளே போகணும், அது போய்விட்டது என்று அவள் நினைப்பு. தான் ஏதோ தவறு செய்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்துகிற சோதனையில் ஒரு ஜோடிக் கண் திறந்துகொண்டது இப்படித்தான்.

தூள் எட்டிக் காயாகக் கசந்தது. மண்ணும் வேரும் கலந்த காட்டு வாடை அடித்தது. இதுதான் மருந்து என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் மார்கரித் தன் டப்பாவோடு இங்கே வந்திருந்தபோது, பழக்கதோஷத்தில் அவளுடைய மாத்திரையையும் இவள் பிரித்துவிட்டாள். விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தாள். அரிசி மாவு. ஆயுள் முழுக்க மாவோடு புழங்கியவளுக்கு அது தெரியாதா? ஆனால் அந்த மார்கரித்தோ, டப்பா கொடுத்த வாரத்திலிருந்தே தேவாலயப் படியெல்லாம் தாவி ஏறுவதாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவானேன் என்று அமீர் நிஷா வாயை மூடிக்கொண்டாள்.

மருந்து வேலை செய்தது. முதலில் மாடிப்படி இலேசானது. பிறகு ஒரு மத்தியான லுஹர் தொழுகையில் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு, பயந்து பயந்து முட்டியை மடக்கினாள். மடங்கியது. நெற்றி பாயைத் தொட்டது. பாயின் கோரை வாடை மூக்கில் ஏற, அவள் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்து அழுதாள். இவ்வளவு பெரிய சந்தோஷம் இந்த வயதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரமே, ஒரு மத்தியானம், சந்து நனைந்தது. கொடியில் தொங்கிய துணியெல்லாம் போச்சு. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, ஏன் தடவவில்லை என்று உரிமையோடு சண்டை போட்டார்கள். அவள் பதிலுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பியவள் கால்மாட்டைப் பார்த்தாள். துண்டு மடித்தபடி கிடந்தது. மெத்தை தாழவில்லை. டீசல் வாடை இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவர் வரவில்லை.

அடுத்த மழைக்கும் வரவில்லை, அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. வலி கதவைத் திறந்தால்தான் அவர் உள்ளே வர முடியும் போலிருக்கிறது, நான் மருந்தைத் தின்று கதவைச் சாத்திவிட்டேனே என்று அவள் தவித்தாள். ஒரு நாள் பழைய பிளாஸ்டிக் முக்காலியைத் தேடி எடுத்து, மத்தியானம் பூராவும் அதில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். இடுப்புதான் பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன முட்டி பதினாறு வயதுப் பெண்ணின் முட்டி மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் ஜன்னல் கம்பியில் ஓடுவதைப் பார்த்தபடி, அவர் எங்கே நனைந்துகொண்டு நிற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தூளைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் அந்த டாக்டர் பெண் நம்பிக் கொடுத்தது, அமானிதம். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லும் நாக்கு அவளுக்கு இல்லை. அதனால் கசப்பை நக்கினாள், தரையில் நெற்றி வைத்துத் தொழுதாள், தொழுது முடித்துக் கையேந்தும்போது வலியைத் திருப்பித் தரும்படி கேட்டாள். ஒரு பக்கம் படைத்தவன், ஒரு பக்கம் கட்டியவன். இரண்டு பேரையும் ஒரு முட்டியில் வைத்துத் தாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துபோனது. மனம் கட்டியவன் பக்கம்தான் சாய்ந்தது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஆனாலும் சாய்ந்தது.

டப்பா தீர்ந்து மருத்துவமனைக்குப் போனபோது, எப்படி இருக்கிறது என்று டாக்டர் துயெட் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏன் அப்படி வாடியிருந்தது என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. இரண்டாவது டப்பாவை வாங்கிக்கொண்டு வந்த கையோடு ஒரு மாத்திரையைத் திருகி நாக்கில் தட்டினாள். இனிப்புமில்லை, கசப்புமில்லை. அரிசி மாவு.

அன்று அவள் ஆட்டுக்கறி வாங்கி ஆக்கினாள். பெருநாளா என்று சந்துப் பெண்கள் கேட்டார்கள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். புதுத் துண்டு வாங்கி மடித்து வைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினாள், பழைய அத்தரில் ஒரு பொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவினாள். உலகத்தில் வலி வரப்போகிறது என்று இப்படிக் கல்யாண வீடு மாதிரி தயாரான பெண் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

மருந்தின் சக்தி உடம்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. படி மறுபடி செங்குத்தானது. நாற்காலி மறுபடி தொழுகைப் பாய்க்கு வந்தது. ஒரு மத்தியானம், காற்று நின்ற நேரத்தில், உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி அந்தப் பழைய வலி முட்டிக்குள் நுழைந்தது. கொடியிலிருந்து துணிகள் இறங்கின. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

வலி ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அதை அடக்குகிற கை வரவில்லை. மழை பெய்து ஓய்ந்தது.

உடம்பில் மருந்து வாடை இன்னும் பாக்கி இருக்கும், அதுதான் தயங்குகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த மழைக்கு, புது விரிப்பு அவருக்குப் பழக்கமில்லை என்று பழைய விரிப்பை எடுத்துப் போட்டாள். அதற்கடுத்த மழைக்கு ஜன்னலை மூடிப் பார்த்தாள், பிறகு திறந்து பார்த்தாள். 'மச்சான்' என்று கூப்பிட்டும் பார்த்தாள். தன் குரல் அந்த அறையில் கேட்டதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவரை வாய்விட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. யாரும் இல்லாத வீட்டில் அழைப்பது போல இருந்தது. நனைந்த முதுகோடு ஒருவர் கூட இருந்தபோது தோன்றாத பயம் இப்போதுதான் தோன்றியது. காய்ந்து கிடக்கிற கட்டிலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசல் காலியான நேரத்தில் மார்கரித் படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, ஏசுவையும் மாதாவையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். முதல் டப்பாதான் மருந்து, இரண்டாவது வெறும் ஏமாற்று, தன் முட்டி மறுபடி போய்விட்டது என்று மூச்சு வாங்கப் புலம்பினாள். அமீர் நிஷாவுக்குத் தன் வலியில் எரிச்சலாக இருந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"முந்தி நீ முழுங்குனதுதான் மாவு. நான் நக்கிப் பாத்துட்டேன். இப்ப உன் கையில ஈக்கிறதுதான் மருந்து."

மார்கரித் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை.

"மாவாவே இருக்கட்டும் நிஷா. நான் படி ஏறுனேன்ல? அது பொய்யா? வலி போனது எனக்குத்தானே தெரியும்."

சொல்லிவிட்டு, கால் தாங்காமல், கட்டிலின் கால்மாட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மெத்தை தாழ்ந்தது. அமீர் நிஷாவின் உயிர் ஒரு கணம் துள்ளியது. அந்த இடத்தில் இதுவரை யாரையும் அவள் உட்காரவிட்டதில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலியைத்தான் காட்டுவாள். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முட்டிக்குள் வலி சுண்டி இழுத்தது, பல்லைக் கடித்தும் முனகல் வெளியே வந்துவிட்டது. மார்கரித் தன் வலியை மறந்து கையை நீட்டி, இவளுடைய வலது முட்டியின்மேல் வைத்து அழுத்தினாள்.

அந்தக் கை சூடாக இருந்தது. வியர்வைப் பிசுபிசுப்போடு, பூண்டு வாடையோடு, உயிருள்ள ஒரு பெண்ணின் கை. அது முட்டியில் பட்டதும்தான் மச்சானின் கை எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று அவளுக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவர்களின் கை அப்படி இருக்காது. அது அவளுக்கு எப்போதோ தெரியும். ரொம்ப காலமாகத் தெரியும். வலியில் மார்கரித்துக்கு மாவு தேவைப்பட்ட மாதிரி தனக்கு அவர் தேவைப்பட்டிருக்கிறார். அவர் வந்தது பொய்யில்லை. ஆனால் உயிரோடு வரவில்லை. மழை ஓட்டின்மேல் இறங்கி அறை முழுக்க இரைந்தது. மார்கரித்தை அவள் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"மச்சான் மவுத்தாயிட்டாஹ, மார்கரித்து."

மார்கரித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகு போன கதை அவளுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் இறந்துவிட்டார் என்று சொன்னவர்களை இவள் விரட்டியடித்ததும் தெரியும். முட்டியிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து அமீர் நிஷா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை விட்ட பிறகும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் அவள் கம்பை ஊன்றிக்கொண்டு இமாமிடம் போனாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்து இருப்பதுதான் இத்தா. படகு போன புதிதில் பெரிய மனுஷிகள் வந்து அதை இருக்கச் சொன்னபோது, யாருக்காக இருக்கணும் என்று கேட்டு அனுப்பிவிட்டவள் அவள். இப்போது தானே வந்து இத்தா இருக்கப் போவதாகச் சொன்னாள். இமாம் சாந்தமான மனிதர். குத்தூஸ் போய் இத்தனை காலம் ஆகிவிட்டது, மார்க்கச் சட்டப்படி உங்கள் இத்தா எப்போதோ கழிந்துவிட்டது, இனி அது கடமை இல்லை என்று எடுத்துச் சொன்னார். கடமைக்காகக் கேட்கவில்லை என்றாள் அவள். இத்தனை காலம் அவருக்காக ஒரு யாஸீன் ஓதவில்லை, ஒரு பாத்திஹா ஓதவில்லை, இறந்துபோன மையத்துக்குச் செய்ய வேண்டிய ஒன்றையும் செய்யவிடாமல் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன் என்று சொல்லி அழுதாள். இமாம் அதற்குமேல் சட்டம் பேசவில்லை. அவருக்காகத் துஆ செய்ய யாரும் தடுக்க முடியாது என்று சொல்லி, தானும் கையேந்தினார்.

வீட்டுக்கு வந்து, நிக்காஹ் அன்று கழுத்தில் ஏறிய கருகமணியைக் கழற்றினாள். கொக்கி துருவேறி இருந்தது. மார்கரித்தான் வந்து இடுக்கியால் நெம்பி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தாள். சந்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் இறந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் தொலைபேசி அடித்தது. டாக்டர் துயெட் பேசினாள். கடைசிப் பரிசோதனைக்கு அமீர் நிஷா வரவில்லை, முட்டியைப் படம் எடுக்க வேண்டும், சோதனை முடியப் போகிறது என்றாள். வர முடியாது, மன்னித்துக்கொள் மகளே என்றாள் அமீர் நிஷா, வியட்நாமிய மொழியில். வீட்டில் ஒரு இறப்பு என்றாள். பிறகு, இனி மறைத்து ஆவதென்ன என்று, மாத்திரைகளைப் பிரித்துத் தின்றதையும், எது மருந்து எது மாவு என்று தனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதையும் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. ஆனால் அந்தப் பெண் அதைப் பற்றிப் பேசவில்லை. இறந்தது யார் என்று கேட்டாள். கணவர் என்று தெரிந்ததும் அவள் குரல் தாழ்ந்தது. எப்போது என்று கேட்டாள்.

"போன வெள்ளிக்கிழமை" என்றாள் அமீர் நிஷா. "மழை பெய்கிற நேரத்தில்."

நீண்ட நாளாக உடம்புக்கு முடியாமல் இருந்தாரா என்று டாக்டர் கேட்டாள்.

"ரொம்ப நாளாக நனைந்துகொண்டே இருந்தார், மகளே. நான்தான் போகவிடவில்லை."